தொற்றுக் காலத்தில் வீடு காட்டுவது: முதலில் காற்றைப் பாருங்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வீடு விற்பது என்றால் பாதி வேலை, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து காட்டுவதுதான். சொந்தக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். சாவி தரகரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். பார்ட்டி, அதாவது வாங்க வருகிறவர், வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய்க் கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, ஹாலில் ஏசியை ஓடவிட்டு, "வாங்க வாங்க, உள்ளே வந்து பாருங்க" என்று கூப்பிடுவது வழக்கம். வேனில் வந்த எட்டுப் பேரும் ஒன்றாக உள்ளே போவார்கள். மற்ற காலத்தில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் பரவும் நோய் ஊருக்குள் இருக்கும்போது இதைவிட மோசமான முறை கிடையாது.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 வந்தது முதல் அடுத்த ஆண்டு இரண்டாம் அலை ஓயும் வரை இந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் சானிடைசர் வாங்கினோம், நெற்றியில் காட்டும் வெப்பமானி வாங்கினோம், கதவுக் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்தே நிறம் போக்கினோம். ஜன்னலைத் திறக்கத்தான் மறந்தோம். கைப்பிடி வழியாகத் தொற்றுவது குறைவு. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொன்ன கணக்கு: கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் நோய் வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. மூடிய அறையில் பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வருகிற நுண்துளிகள் ஊதுபத்திப் புகை மாதிரி நெடுநேரம் மிதக்கும். ஒருவர் பேசிவிட்டுப் போன அறைக்குள் அரைமணி கழித்து அடுத்த குடும்பம் வந்தாலும் அந்தக் காற்று அங்கேயே நிற்கும். கொரோனாவுக்கும் இதுதான், புரட்டாசி, ஐப்பசியில் சுற்றி வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் பெருமளவு இதுதான். ஆகவே செலவு செய்கிற கவனத்தில் முக்கால் பங்கு காற்றுக்குப் போகட்டும். கைப்பிடிக்கு மிச்சம் போதும்.

முதல் படி, வீட்டுக்குள் வரும் ஆளைக் குறைப்பது. அதற்கு வீட்டு வாசலில் நின்று தடுக்க வேண்டியதில்லை, தடுத்தால் மனக்கசப்புதான் வரும். காகிதத்திலேயே வடிகட்டி விடலாம். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு, பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம், கட்டட அனுமதி, கடைசி வீட்டு வரி ரசீது ஆகியவற்றை ஸ்கேன் பண்ணி முன்னாடியே அனுப்பிவிடுங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் எந்த வகையில் வருகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பத்திரம் பிடிக்காத பார்ட்டி வீட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. வீட்டையெல்லாம் சுற்றிப் பார்த்து, நடு ஹாலில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசி, கடைசியில் "பட்டா இன்னும் தாத்தா பேர்லயா இருக்கு?" என்று எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த அரைமணி நேர மூச்சு அந்த ஹாலில் சேர்ந்திருக்க வேண்டியதே இல்லை.

அடுத்து வீடியோ. பளபளவென்று பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டின ஒரு நிமிட வீடியோ ஒன்றுக்கும் உதவாது, அதைப் பார்த்தவர் நேரில் வந்தே தீருவார். போனைப் படுக்கையாகப் பிடித்து, தெருவிலிருந்து தொடங்கி நடுவில் நிறுத்தாமல் 8 முதல் 10 நிமிடம் எடுங்கள். வாசலில் நின்று திசைகாட்டியைத் திரையில் காட்டுங்கள். வாசல் எந்தத் திசை என்ற கேள்வி அங்கேயே முடியும். ஒவ்வொரு அறையிலும் டேப்பை விரித்து அளவு தெரிகிற மாதிரி காட்டுங்கள். மோட்டாரைப் போட்டு, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று காட்டுங்கள். மீட்டர் போர்டு, செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடம், சம்ப், மொட்டை மாடித் தளவரிசை எல்லாம் வரட்டும்.

முக்கியமாகக் குறைகளைக் கிட்டே போய்க் காட்டுங்கள். இந்தக் கரையில் வாங்க வருகிறவர் முதலில் தேடுவது உப்புக் காற்று தின்ற இடங்களைத்தான்: சன்ஷேட் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, பீமில் துருக்கறை கோடாக ஓடியிருக்கிறதா, சுவரின் அடி இரண்டடியில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறதா. மறைத்தால் அதைப் பார்க்கவே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வருவார். வெளிப்படையாகக் காட்டினால் வருகை ஒன்றோடு முடியும், விலையிலும் இழுபறி குறையும்.

இவ்வளவும் பார்த்து "நேர்ல பாக்கணும்" என்கிறவர்தான் உண்மையான பார்ட்டி. அவரிடம் முதல் நாள் சாயங்காலம் போனில் பேசுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். கீழக்கரைப் பக்கம் (அங்கே காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா) இப்படிக் கேட்கலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நாளைக்கு அஸர் தொழுதுட்டு 4 மணிக்கு வந்துடுங்க. வீட்ல யாருக்காச்சும் காச்சல், இருமல், தொண்டை வலின்னு இந்த வாரத்துல இருந்துச்சா? இருந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல, பத்து நாள் கழிச்சு வாங்க, வீட்ட யாருக்கும் காட்டாம வைக்கிறேன். உள்ள ரெண்டு பேரு ரெண்டு பேராத்தான் போகணும். முடிவு எடுக்கிற ஆள் யாரோ அவங்க முதல்ல வாங்க. லாத்தா பாக்கணும்னா அவங்களும் வரட்டும். பிள்ளைகளை மட்டும் வீட்ல விட்டுட்டு வாங்க."

"யாருக்கும் காட்டாம வைக்கிறேன்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் காய்ச்சலை மறைக்காமல் சொல்ல வைக்கும். வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும். இடையில் வேறு ஆளுக்குக் காட்டினால் அடுத்த முறை ஊரில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இதே கேள்வியை வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது தொற்று இருந்தால், அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 10 நாள் வீட்டைத் திறக்காதீர்கள்.

வாசலில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. சித்திரை வெயிலில் பைக்கில் வந்தவருக்கு நெற்றி சுடும், நோய் இருக்காது. ஏசி காரில் வந்தவருக்கு நெற்றி குளிர்ந்திருக்கும், காய்ச்சல் இருக்கலாம். அறிகுறியே வராமல் பரப்புகிறவர்களை எந்த வெப்பமானியும் பிடிக்காது. முந்தின நாள் போன்தான் நல்ல வெப்பமானி.

மேஸ்திரியும் வாஸ்து பார்க்கிறவரும் குடும்பத்தோடு சேர்ந்து வருவது இங்கே வழக்கம். அவர்களைப் பிரித்துவிடுங்கள். வாஸ்துவுக்கு அளவு போட்ட வரைபடமும் திசை காட்டின வீடியோவும் போதும், அவர் வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார். மேஸ்திரிக்குக் குறைந்தது அரைமணி வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், தளத்தில் நடப்பார், சம்புக்குள் எட்டிப் பார்ப்பார். அவருக்கு வேறொரு நாள், தனியாக. அவர் வேலையில் பாதிக்கு மேல் வெளியில்தான், அதனால் பயமும் குறைவு.

இப்போது காற்று.

இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு பக்கம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் விரிகுடா, கடல் கிழக்கே கிடக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா, கடல் தெற்கே. முற்பகலில் தரை சூடேறியதும் கடல் காற்று எழும்பும், பொழுது சாயும் வரை அடிக்கும். அதிகாலையிலும் இரவு விழும் நேரத்திலும் காற்று தணிந்து கிடக்கும். "வெயிலுக்கு முந்தி பாத்துடலாம்" என்று காலை ஏழு மணிக்கு வரச் சொல்வது உடம்புக்கு இதம்தான், ஆனால் வீட்டுக்குள் காற்று நகராது. 10.30 முதல் 12, மாலை 3 முதல் 5.30, இந்த இரண்டு வேளையும் நல்லவை. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். ஐப்பசிக்கு மேல் வாடை வடகிழக்கிலிருந்து வரும். காட்டப்போகிற வீட்டுக்கு அந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று முகம், எந்தப் பக்கம் முதுகு என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். மீன்பிடிக்கிறவருக்கு இது தெரியாமல் பிழைப்பில்லை, வீடு காட்டுகிறவருக்கும் அப்படியே.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் நடுவில் நில்லுங்கள். ஃபேன் ஓடக்கூடாது. புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் வழியாக வெளியேறினால் அந்த அறை நல்ல அறை. முதலில் ஒரு பக்கம் போய்ப் பிறகு சுழன்று திரும்பி வந்தால் காற்று உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை என்று அர்த்தம். எதிர்ச் சுவரிலோ கதவுக்கு அப்பாலோ ஏதோ மூடியிருக்கிறது, தேடித் திறங்கள். புகை நூல் பிடித்த மாதிரி நேரே மேலே போய்க் கூரையில் படர்ந்தால் அது காற்று செத்த அறை. ஸ்டோர் ரூம், பூஜை அறை, பழைய வீடுகளில் நடுக்கட்டில் இருக்கும் இருட்டறை பெரும்பாலும் இப்படித்தான். அங்கே யாரையும் உள்ளே விடாதீர்கள். வாசற்படியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கீழக்கரையின் பழைய முற்றம் வைத்த வீடுகளில் இந்தச் சோதனையைச் செய்தால் முற்றத்தின் அருமை புரியும். புகை எல்லா அறையிலிருந்தும் முற்றத்துக்கு ஓடி அப்படியே மேலே போய்விடும். அந்த மாதிரி வீட்டில் முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்திருந்தால், காட்டும் நாளுக்காவது கழற்றிவிடுங்கள்.

காற்றே இல்லாத நாளில் ஸ்டாண்ட் ஃபேனை வையுங்கள். ஆனால் முகத்தை வெளியே திருப்பி. காற்றுக்கு முதுகு காட்டும் ஜன்னலுக்கு இரண்டு மூன்றடி உள்ளே தள்ளி, வெளிப்பக்கமாக வீசும்படி நிறுத்தினால் அறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளும், மற்ற ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வரும். உள்ளே பார்த்து வைத்தால் இருக்கிற காற்றையே ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் கொட்டும். சீலிங் ஃபேனும் அதையேதான் செய்யும், அது காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஸ்பிளிட் ஏசி வெளிக் காற்றைச் சொட்டுக்கூட எடுப்பதில்லை. அறைக் காற்றையே எடுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தரும். ஏசி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எல்லோரும் வெளியே வந்தபின் தரகர் ஒருவர் உள்ளே போய்ப் போட்டு, வெளி யூனிட் ஓடுவதைக் காட்டட்டும்.

எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் இருக்கும் அறைக்கு ஒரு கணக்கு. 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி அறை என்றால் 1680 கன அடி, அதாவது சுமார் 48 கன மீட்டர். ஃபேனின் பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் என்று எழுதியிருந்தால் மணிக்கு ஐந்து தடவைக்குக் கொஞ்சம் மேல் அறைக் காற்று மாறும். மூன்று தடவை மாறினால் உள்ளே மிதப்பதில் 95 சதவீதம் போய்விடும். அந்த மூன்றை ஐந்தால் வகுத்தால் 0.6 மணி, அதாவது 36 நிமிடம். அதற்கு ஆகும் நேரம் அது. ஆனால் கடலோரத்தில் ஃபேன் இறக்கையில் உப்பும் தூசியும் அப்பியிருக்கும், வலை அடைத்திருக்கும். எழுதியிருப்பதில் பாதி கிடைத்தால் பெரிது. அதனால் ஜன்னலும் சேர்ந்து திறந்திருந்தால்தான் ஒரு பார்ட்டிக்கும் அடுத்த பார்ட்டிக்கும் நடுவில் 40 நிமிடம் போதும். ஃபேனை மட்டும் நம்பினால் ஒன்றே கால் மணி நேரம் விடுங்கள். கரண்ட் போனால் அந்தக் கணக்கும் இல்லை.

அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாம். வெளியே சுமார் 420 பி.பி.எம். காட்டும். ஆள் உள்ளே இருக்கும்போது 800-க்குக் கீழே நின்றால் காற்றோட்டம் பரவாயில்லை, தாண்டினால் பேச்சை வெளியே மாற்றுங்கள். மலிவு மீட்டர்களில் சில உண்மையில் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. பக்கத்தில் சானிடைசரைத் திறந்து பாருங்கள், எண் குதித்து ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஊரில் காற்றுக்கு எதிரி இரண்டு. ஒன்று, துரு. ஒரு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஜன்னல் கொண்டியும் கீலும் உப்பில் இறுகிப்போயிருக்கும். பார்ட்டி வந்து நிற்கும்போது தட்டித் திறக்கப் பார்த்தால் கண்ணாடி உடையும். இரண்டு நாள் முந்தியே போய், கீலிலும் தாழ்ப்பாளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் மெல்ல அசைத்துத் திறந்து, துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டு வையுங்கள். இரண்டு, ஆடி மாத மணல். கச்சான் மணலை வாரி இறைக்கும்போது யாருக்குமே ஜன்னலை அடைக்கத்தான் கை போகும். காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னலை மட்டும் நாலு விரல் அளவு திறந்து ஈரத்துண்டைத் தொங்கவிடுங்கள். முதுகுப் பக்கம் எல்லாவற்றையும் முழுதாகத் திறங்கள். காற்று இழுபடும், மணல் குறையும். கதவுகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுங்கள். அறைந்து சாத்தினால் நிலைப்படி ஆட்டம் காணும், குழந்தையின் விரல் நசுங்கும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. குளியலறைத் தரையில் ஜாலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் மூடி. மாதக்கணக்கில் புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். வெளியே தள்ளும் ஃபேனைப் போட்டால் காற்று அந்த ஓட்டை வழியாகக் குழாயிலிருந்து உள்ளே இழுபடும். 2003-ல் சார்ஸ் நோய் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் தாக்கியபோது, வற்றிப்போன தரைக் குழாய்கள் ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டன. தனி வீட்டில் அந்த அளவுக்குப் பயமில்லை. அடுக்குமாடியில் உண்டு. எதுவானாலும் ஜாலிக்கு ஒரு மக், வாஷ்பேசினுக்கு ஒரு மக், கக்கூஸுக்கு ஒரு ஃப்ளஷ் என்று முதல் நாளே ஊற்றிவிடுங்கள். நாற்றமும் போகும். மேல் தொட்டியில் பழைய தண்ணீர் இருந்தால் முழுதாக இறக்கிவிட்டு நிரப்புங்கள். சம்ப் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், டெங்குக் கொசுவையும் சேர்த்து விற்க வேண்டாம்.

வருகிற அன்று நடப்பு இப்படி இருக்கட்டும். அரைமணி முந்தி எல்லாவற்றையும் திறந்து, எல்லா லைட்டையும் போட்டு, உள் கதவுகளையும் அலமாரிகளையும் நீங்களே திறந்து வையுங்கள். வந்தவர் எதையும் தொட வேண்டியிருக்காது. செருப்பை வாசற்படியில் விடச் சொல்லாதீர்கள். எல்லோரும் குனிந்து, தோளோடு தோள் இடித்து, மூச்சு வாங்க நிற்கிற இடம் அதுதான். கேட்டுக்குப் பக்கத்திலேயே மரத்தடியில் விடச் சொல்லுங்கள். அங்கேயே குழாயும் சோப்பும் வையுங்கள். முகக்கவசம் என்-95 ஆக இருந்தால் நல்லது. துணிக் கவசத்தோடு வந்தவருக்குக் கொடுக்க நாலைந்து கையில் வைத்திருங்கள். கன்னத்தில் இடைவெளி இருந்தால் என்-95 என்ற பெயருக்கு அர்த்தமில்லை, மூக்குக் கம்பியை அழுத்திவிடச் சொல்லுங்கள்.

உள்ளே ஒரு சமயத்தில் இரண்டு பேர், பதினைந்து நிமிடம். தரகர் கூடவே போய் விளக்கிக்கொண்டு வரக்கூடாது. உரக்கப் பேசப் பேச நுண்துளி பெருகும். ஒரு நாளைக்கு மூன்று வீடு, நாலு பார்ட்டி என்று சுற்றுகிற தரகர்தான் ஊரிலேயே அதிகம் பரப்பக்கூடிய ஆள். அவருக்கு வந்தால் எல்லா வீட்டுக்கும் போகும். அதனால் விளக்கம் முழுவதும் வெளியில். அறைக்கு ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்: "தெற்குப் படுக்கையறை. 12 × 11. ஜன்னல் இரண்டு, தேக்கு. தரை 2014-ல் மாற்றியது. மழையில் மேற்கு மூலையில் ஓதம் தெரியும்." படித்துக்கொண்டே நடந்து வெளியே வந்துவிடுவார்கள். கேள்விகள் எல்லாம் வேப்ப மரத்தடியில். நாற்காலிகளை ஆறடி தள்ளிப் போட்டு, காற்று ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு நேராகப் போகாமல், குறுக்காக அடிக்கும்படி உட்காருங்கள்.

வீட்டில் வயதானவர் இருந்தால் பார்ட்டி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுத் திண்ணைக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ போய்விட வேண்டும். கடைசி ஆள் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பட்டும். மரியாதைக்காக உட்கார்ந்து பேச வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். மகனோ மகளோ முன்னாடியே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் வீடு பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ வாயில் ஊற்றிப் பார்க்காமல் போக மாட்டார். உப்பா, சவரா, குடிக்கலாமா என்பதில்தான் வீட்டின் பாதி விலை இருக்கிறது. ஒரே டம்ளர் கைமாறும், எல்லோரும் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்குவார்கள், ஆளாளுக்குச் சப்புக்கொட்டிக் கருத்துச் சொல்வார்கள். பார்க்க வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவார்கள். அதற்குப் பதில், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் அவர்கள் கண்ணெதிரே முக்கிக் காட்டுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். பிறகு மூடி போட்ட சின்னப் பாட்டிலில் ஆளுக்கு ஒன்று பிடித்துக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோறு வடித்துப் பார்ப்பார்கள், டீ போட்டுப் பார்ப்பார்கள். நின்ற இடத்தில் ஒரு மடக்குக் குடிப்பதைவிட அதுவே சரியான சோதனை. காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு இருந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உபசாரமும் அப்படித்தான். உள்ளே உட்காரவைத்து டீ கொடுப்பதை விட்டுவிட்டு, போகும்போது ரோட்டோரத்தில் இளநீர் வெட்டிக் கொடுங்கள். பனங்காட்டுப் பக்கம் என்றால் நுங்கு. மனசும் நிறையும், காற்றும் இருக்கும்.

நல்ல நேரக் கூட்டம் ஒரு தலைவலி. வளர்பிறை முகூர்த்த நாளில் எல்லாப் பார்ட்டியும் ஒரே ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 ராகு காலம், வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 ராகு காலம், அதன்பின் ஜும்ஆ தொழுகை. காற்று நல்ல நேரமும் நாள் நல்ல நேரமும் எல்லா நாளும் ஒத்துப்போகாது. ஞாயிறு 3 மணிக்கு ஒருவர், 4 மணிக்கு ஒருவர், அதோடு நிறுத்துங்கள். மூன்றாவது ஆள் கட்டாயம் நல்ல நேரத்தில் வர வேண்டுமென்றால், அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று வெளியிலிருந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும், உள்ளே வேறொரு நாள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனைப்பிரிவு போட்டு, மதுரையிலிருந்து வேனில் ஆள் கூட்டிவந்து, பந்தல் போட்டு பிரியாணி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்த பொட்டலில் நின்று மனை பார்ப்பதில் பயம் மிகக் குறைவு. வருகிற வழியில் இரண்டு மணி நேரம் கண்ணாடி ஏற்றின வேனில்தான் பயம், பந்தியில்தான் பயம். பன்னிரண்டு சீட் வேனில் ஆறு பேர், ஏசி வேண்டாம், முன் ஜன்னல் ஒன்றும் அதற்குக் குறுக்கே பின் ஜன்னல் ஒன்றும் எப்போதும் திறந்திருக்கட்டும். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்து அனுப்புங்கள்.

அட்வான்ஸ் பணத்தை எச்சில் தொட்டு எண்ணுகிற பழக்கத்தை இந்தச் சாக்கில் ஒழிக்கலாம். வீடு, மனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் முன்பணமாக ரொக்கத்தில் வாங்கக்கூடாது என்று 2015 ஜூன் முதலே வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. வங்கி வழியாகவே போகட்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் வந்துபோக முடியாமல் பவர் (தனக்குப் பதில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நாள் தவறினால் கிரயத்தன்று பதிவு அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில் காத்துக்கிடக்க நேரும்.

கடைசியாகத் துடைப்பது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு 33 முதல் 35 கிராம் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். சுண்ணாம்பு அடியில் படியவிட்டு மேல் தெளிவை மட்டும் எடுங்கள். கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றை நனைத்த துணியால் துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். மறுபடி துடைக்காமல் விட்டால் பித்தளையையும் இரும்பையும் உப்புக் காற்றை விட வேகமாகத் தின்னும். ஸ்விட்சில் துணி ஈரமாக மட்டும் இருக்கட்டும், சொட்டக்கூடாது. திறந்து வைத்த பவுடர் இந்த ஈரக் காற்றில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். மூக்கில் நெடி ஏறவில்லையென்றால் புதிதாக வாங்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், ஆளையே கொன்றுவிடும். ஆள் மேல் மருந்து தெளிப்பது, வீடு முழுக்கப் புகை அடிப்பது எல்லாம் வேண்டாம். நோயைத் தடுக்காது, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

கடைசிப் பார்ட்டி போனபின் ஒரு மணி நேரம் எல்லாம் திறந்தே கிடக்கட்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு, கொசு வரும் முன் சாத்துங்கள். தாழ்ப்பாள்களில் ஒரு சொட்டு எண்ணெய். வந்தவர்களின் பெயர், போன் நம்பர், வந்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதி வைத்து, யாருக்காவது காய்ச்சல் என்று தகவல் வந்தால் அன்றைக்கு உள்ளே போன எல்லோருக்கும், அடுத்து வந்தவர்களுக்கும் அன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். பதினாலு நாள் ஒன்றும் இல்லையென்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.